சிறைக் காவலருக்கு 17(ஆ) மெமோ வந்தா என்ன செய்யணும்? டெல்டா பக்கத்து வார்டர்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் முழுமையான வழிகாட்டி

என் தங்கச்சி மாப்பிள்ளை ஒரு மத்திய சிறையில வார்டர், அதாவது இரண்டாம் நிலைக் காவலர். சில வருஷம் முன்னாடி ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு திருவையாத்துல எங்க வீட்டு வாசல்ல பைக்கை நிறுத்திட்டு, சட்டைப் பையிலேர்ந்து நாலா மடிச்ச பேப்பரை எடுத்து நீட்டினாரு. "மச்சான், இதுக்கு நேத்தே பதில் எழுதிக் குடுத்துட்டேன், உங்ககிட்டயும் ஒரு வார்த்தை காட்டிடலாம்னு வந்தேன்"னாரு. வாங்கிப் பாத்தா விளக்கம் கேட்டு மெமோ. பிளாக்ல சோதனை போட்டப்ப கழிவறை மேல ஒரு செல்போன் சிக்கியிருக்கு, அன்னிக்கு டூட்டியில இருந்தவங்கள்ல இவரும் ஒருத்தர். இவரு எழுதிக் குடுத்த பதில் ரெண்டே வரி: "என் கவனக்குறைவால் தவறு நடந்துவிட்டது, இந்த ஒருமுறை மன்னித்தருளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பக்கத்துல இருந்த சீனியர் ஒருத்தர் "இப்படி எழுதிக் குடு தம்பி, பெரியவரு விட்டுருவாரு"ன்னு சொல்லியிருக்காரு, இவரும் நம்பி எழுதிட்டாரு.

உண்மை என்னன்னா அந்த போன் உள்ள போன நேரம்னு அவங்களே சொல்ற நேரத்துல இவரு அந்த பிளாக்குலயே இல்ல, டவர் பாராவுல, அதாவது கண்காணிப்புக் கோபுரக் காவல்ல நின்னாரு. டூட்டி ரோஸ்டர்ல பேரு இருக்கு. ஆனா அந்த ரெண்டு வரிய வெச்சுத்தான் அடுத்து 17(ஆ), அதாவது பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றச்சாட்டு மெமோ வந்துச்சு, விசாரணை அறிக்கையிலயும் "அலுவலரே ஒப்புக்கொண்டுள்ளார்"னு எழுதிட்டாங்க.

நான் வக்கீல் இல்ல. அரசு ஆபீஸ்ல அமைச்சுப் பணியில இருந்து ரிட்டயர் ஆனவன், சர்வீஸ்ல இருந்தப்ப எத்தனையோ பேருக்கு மெமோ பதில் எழுதிக் குடுத்திருக்கேன். மாப்பிள்ளை கேஸுக்கு அப்புறம் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை கிளைச் சிறைகள்ல வேலை பாக்குற பசங்களும் திருச்சி மத்திய சிறை பசங்களும் போன் பண்ணிக் கேக்க ஆரம்பிச்சாங்க, எல்லாருக்கும் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தை சொல்லிட்டு இருக்கேன்: கேஸு ஹைகோர்ட்ல ஜெயிக்கிறது இல்ல, நீங்க குடுக்குற முதல் பேப்பர்லயே பாதி முடிஞ்சு போகுது. அதனால ஆரம்பத்துலேர்ந்து வரிசையா எழுதிடறேன்.

முதல்ல ஒரு பெரிய தப்பெண்ணத்தை தள்ளி வெச்சிடுவோம்

"லேபர் கோர்ட்டுக்கு போலாமா சார்?" எனக்கு வர்ற பத்து போன்ல ஏழு இந்தக் கேள்விதான். போக முடியாது. சிறை நிர்வாகம் அரசோட இறையாண்மைப் பணி. 1978ல பெங்களூர் வாட்டர் சப்ளை வழக்குல உச்ச நீதிமன்றம் "தொழில்"ங்கிற வார்த்தைய எவ்வளவோ அகலமா விரிச்சாலும் இறையாண்மைப் பணிகளை வெளியில வெச்சிடுச்சு. அதனால பழைய தொழிற்தகராறு சட்டமும் சரி, 2025ல அதுக்கு பதிலா நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் சரி, வார்டருக்கு ஒத்து வராது. மத்திய அரசு ஊழியருக்கு இருக்கிற நிர்வாகத் தீர்ப்பாயமும் நமக்கு இல்ல. தமிழ்நாட்டுக்குன்னு ஒரு நிர்வாகத் தீர்ப்பாயம் 1988ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் அதை கலைச்சிட்டாங்க, கேஸெல்லாம் ஹைகோர்ட்டுக்கு போயிடுச்சு. ஆக நமக்கு இருக்கிறது ரெண்டே வழி, ஒண்ணு துறைக்குள்ளயே மேல்முறையீடு, ரெண்டாவது அரசியலமைப்பு 226ஆவது பிரிவுல ஹைகோர்ட் ரிட்.

வேலைநிறுத்தம் பண்ணலாமா, மொத்தமா மெடிக்கல் லீவு போட்டு உக்காரலாமான்னும் சில பேரு கேக்குறாங்க. வேண்டாம். 1973 நடத்தை விதிகள்ல தடை இருக்கு, 2003ல தமிழ்நாட்டு அரசு ஊழியர் போராட்டத்தை ஒட்டி வந்த டி.கே.ரங்கராஜன் வழக்குலயே அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான், ஆனா அதுதான் சட்டம்.

முதல் படி: கையில வந்த பேப்பர் என்ன பேப்பர்னு பாருங்க

எல்லாத்தையும் "மெமோ"ன்னுதான் சொல்லுவாங்க, ஆனா எல்லாம் ஒண்ணு இல்ல. வெறும் விளக்கம் கேட்டு வர்ற குறிப்பாணை ஒரு வகை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு விதிகள்ல 17(அ) வந்தா சின்ன தண்டனைக்கானது, கண்டனம், ஊதிய உயர்வை கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கிறது, அந்த மாதிரி. 17(ஆ) வந்தா பெரிய தண்டனை வரைக்கும் போகலாம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணி நீக்கம், டிஸ்மிஸ் எல்லாம் அதுக்குள்ள. 17(உ)ன்னா சஸ்பென்ஷன்.

17(ஆ)வோட குற்றச்சாட்டு, அதோட விவரம், எந்த ஆவணங்களை வெச்சு நிரூபிக்கப் போறாங்க, எந்த சாட்சிங்கன்னு இணைப்புகள் இருக்கும். ஒவ்வொரு பக்கமா எண்ணிப் பாருங்க. ஒரு இணைப்பு விட்டுப் போயிருந்தா அன்னிக்கே எழுத்துல கேளுங்க. வாங்கும்போது கையெழுத்துக்குக் கீழ தேதியும் நேரமும் உங்க கையாலயே போடுங்க. "நேத்து தேதி போட்டுக் குடு தம்பி"ன்னு யாராவது சொன்னா போடாதீங்க, ஏன்னா எல்லா கெடுவும் அந்தத் தேதியிலேர்ந்துதான் ஓடும். வாங்க மாட்டேன்னு மட்டும் அடம் பிடிக்காதீங்க. மறுத்தாருன்னு ஒரு வரி எழுதி வீட்டுக் கதவுல ஒட்டிட்டு போயிடுவாங்க, கெடு அப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கும்.

ரெண்டாவது படி: பதில் எழுதுறதுக்கு முன்னாடி ஆவணம் கேளுங்க

இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், இங்கதான் நம்ம பசங்க கோட்டை விடுறாங்க.

சிறையில நடக்குற ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. டூட்டி ரோஸ்டர், மெயின் கேட் ரிஜிஸ்டர், சோதனை ரிஜிஸ்டர், லாக்கப் கணக்கு, ராத்திரி ரவுண்டு வந்த அதிகாரி போட்ட குறிப்பு, பாரா மாறினப்ப போட்ட கையெழுத்து. உங்களை காப்பாத்தப் போறது இந்த நோட்டுங்கதான். குற்றச்சாட்டுல சொல்ற நாள், நேரத்துல நீங்க எங்க நின்னீங்க, உங்ககிட்டேர்ந்து யாரு பொறுப்பு வாங்குனாங்க, அந்த பிளாக்குல அன்னிக்கு எத்தனை கைதி, எத்தனை பேரு டூட்டி, எல்லாமே அதுல இருக்கும்.

ஒரு மனு எழுதுங்க. "எனக்கு வழங்கப்பட்ட குற்றச்சாட்டுக்கு முறையான விளக்கம் அளிக்கக் கீழ்க்காணும் ஆவணங்களின் நகல் தேவைப்படுகிறது"ன்னு ஆரம்பிச்சு எந்த ரிஜிஸ்டர், எந்தத் தேதி, எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்னு தெளிவா வரிசை போட்டு, விளக்கம் குடுக்க கூடுதல் நாளும் சேத்து கேளுங்க. நகல் தர முடியலன்னா பார்வையிட அனுமதிக்கவும்னு கடைசியில ஒரு வரி போடுங்க. சிசிடிவி இருக்கிற இடம்னா அந்தப் பதிவை அழியாம பாதுகாக்கச் சொல்லி முதல் நாளே தனியா ஒரு மனு குடுங்க, சில வாரத்துல பழைய பதிவு மேல புதுசு ஏறிடும், அப்புறம் கேட்டா இல்லம்பாங்க. ஆவணம் குடுக்காம நடத்துற விசாரணை நிக்காதுன்னு 2010ல சரோஜ் குமார் சின்ஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா நீங்க கேட்டீங்கன்னு எழுத்துல இருந்தாத்தான் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவும். வாயால கேட்டதுக்கு கணக்கே கிடையாது.

ஒண்ணு மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. ரிஜிஸ்டரை யாருக்கும் தெரியாம போன்ல படம் எடுக்காதீங்க. சிறைக்குள்ள போன் கொண்டு போறதே தனி சார்ஜ் ஆயிடும், ஒரு மெமோவுக்கு பதில் தேடப் போயி ரெண்டாவது மெமோ வாங்கின பையனை எனக்கு தெரியும்.

துறையில குடுக்கலன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு போட்டா 30 நாள்ல பதில் வரணும். உங்க சொந்த ஃபைலை கேக்கலாம். ஆனா "அந்த ஆளுக்கு என்ன தண்டனை குடுத்தீங்க"ன்னு கூட வேலை பாக்குறவர் விவரத்தை கேட்டா பெரும்பாலும் தர மாட்டாங்க, அது தனிப்பட்ட தகவல்னு 2012 கிரிஷ் தேஷ்பாண்டே தீர்ப்பை காட்டுவாங்க.

மூணாவது படி: பதில் எழுதுறது

"மன்னிக்கவும்" வேண்டாம். "கவனக்குறைவு" வேண்டாம். "இனிமேல் இப்படி நடக்காது" வேண்டவே வேண்டாம், அதுவும் ஒப்புதல்தான். மரியாதையா எழுதுங்க, ஆனா குனிஞ்சு எழுதாதீங்க. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நம்பர் போட்டு தனித்தனியா "மறுக்கிறேன்"னு ஆரம்பிச்சு காரணம் எழுதணும். மூணு குற்றச்சாட்டு இருந்து ரெண்டுக்கு மட்டும் பதில் குடுத்தா மூணாவதை ஏத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்க.

மாப்பிள்ளைக்கு 17(ஆ) வந்தப்ப உக்காந்து எழுதினோம். அன்னிக்கு எங்க தெருவுல கரண்டு இல்ல, கொல்லையில நெல்லு மூட்டை அடுக்கியிருந்த இடத்துல எமர்ஜென்சி லைட்டை வெச்சுக்கிட்டு, ரோஸ்டர் நகலை தரையில விரிச்சு, அவரு பாரா ஏறின நேரம் இறங்கின நேரம் ஒவ்வொண்ணையும் விரல் வெச்சு அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவரு பேரு டவர்ல நேரா இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல பொறுப்பு வாங்குனவரோட கையெழுத்து, நீல மையில. "இதை முதல் நாளே பாத்திருக்கலாமே மச்சான்"னு சொல்லிட்டு ரொம்ப நேரம் தலையை குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. முன்னாடி குடுத்த அந்த ரெண்டு வரிய எப்படி சமாளிக்கிறதுன்னுதான் எங்களுக்கு பெரிய யோசனை. கடைசியில உண்மையை அப்படியே எழுதினோம், ஆவணம் எதையும் பாக்க வாய்ப்பு குடுக்கப்படாத நிலையில, மூத்தவர் அறிவுரையில எழுதப்பட்டது, அது குற்றச்சாட்டுக்கான ஒப்புதல் இல்லன்னு. முன்னாடி குடுத்த வாக்குமூலத்தை விளக்கணும்னா சார்ஜ் மெமோவுக்கு குடுக்குற பதில்லயே விளக்கிடுங்க, மேல்முறையீட்டுல முதல் தடவையா சொன்னா நம்ப மாட்டாங்க.

ஆள் பத்தாக்குறையை பத்தியும் ஒரு பாரா எழுதுங்க. ஆறு கைதிக்கு ஒரு காவலர்னு மாதிரி சிறைக் கையேடு 2016ல சொல்லியிருக்கு. அதுக்கு முன்னாடியே 1980லேர்ந்து 83 வரைக்கும் இருந்த முல்லா கமிட்டி சிறை ஊழியர் நிலைமையை விலாவாரியா எழுதிடுச்சு. அந்த ராத்திரி உங்க பிளாக்குல உண்மையில இருந்த கணக்கை ரோஸ்டரை காட்டி எழுதுங்க. அதனால குற்றம் இல்லாம போயிடாது, ஆனா தண்டனை அளவை பேசும்போது கை குடுக்கும். டபுள் டூட்டி பாத்து முடிச்சு மூணாவது டூட்டியில நிக்க வெச்ச ஆளை தூங்கினான்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புறது அநியாயம், அதை எழுத்துல சொல்ல எந்த வார்டரும் வெக்கப்பட வேண்டியதில்ல.

பதிலை குடுக்கும்போது ஒரு நகல்ல அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்குங்க. வாங்க மறுத்தா அன்னிக்கே போஸ்ட் ஆபீஸ் போயி ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிடுங்க, பழைய பதிவுத் தபால் 2025ல அதோட சேர்ந்துடுச்சு.

சஸ்பென்ஷன் வந்துட்டா

தண்டனை இல்ல அது, இடைக்கால ஏற்பாடுன்னுதான் சட்டம் சொல்லுது, ஆனா வீட்டுல பாதி சம்பளத்துல அரிசி வாங்குறவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும். போலீஸ் காவல்லயோ ரிமாண்ட்லயோ 48 மணி நேரத்துக்கு மேல இருந்தா தானாவே சஸ்பென்ஷன்ல இருக்கிறதா கணக்கு.

சஸ்பென்ஷன்ல இருக்கும்போது குடுக்குற பிழைப்பூதியம் ஆரம்பத்துல சம்பளத்துல சுமாரா பாதி வரும், கூட அதுக்குண்டான அகவிலைப்படி. வேற எங்கயும் வேலை பாக்கலன்னு மாசா மாசம் சான்று குடுக்கணும், குடுக்க மறந்தா பணம் நிக்கும். சஸ்பென்ஷன் நீண்டுட்டே போனா உயர்த்திக் குடுக்கச் சொல்லி மனு போடுங்க, தானா உயர்த்துவாங்கன்னு காத்திருக்காதீங்க. பிழைப்பூதியமே குடுக்காம, அதனால விசாரணைக்கு வர முடியாதவரை ஒருதலைப்பட்சமா முடிச்சிட்டாங்கன்னா அந்த விசாரணை நிக்காது, 1999 பால் ஆண்டனி வழக்கு அதுக்குத்தான். ஆர்டர்ல தலைமையிடம் எதுன்னு போட்டிருப்பாங்க, அனுமதி இல்லாம அதை விட்டு வெளியூர் போகாதீங்க. குறுவை நடவுக்கு ஊருக்கு போறேன்னு போயி மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க.

2015 அஜய் குமார் சௌத்ரி தீர்ப்புல சார்ஜ் மெமோ குடுக்காம மூணு மாசத்துக்கு மேல சஸ்பென்ஷன் நீட்டக் கூடாதுன்னாங்க. அதை வெச்சு "மூணு மாசம் ஆச்சு, தானா கேன்சல்"னு சொல்ற வாட்ஸ்அப் மெசேஜை நம்பாதீங்க. தானா ரத்தாகாது, வழக்கோட தன்மையை பாத்துத்தான் முடிவுன்னு பின்னாடி வந்த தீர்ப்புகள்ல சொல்லிட்டாங்க. மறுஆய்வு பண்ணச் சொல்லி மனு குடுத்து, அதுக்கும் பதில் இல்லன்னா ரிட் போடுறதுதான் வழி.

நாலாவது படி: விசாரணை

வாய்மொழி விசாரணை நடக்கும், விசாரணை அலுவலர் ஒருத்தரை போடுவாங்க. அவரு உங்க மேல புகார் குடுத்தவரோ, சாட்சியோ, முதல்கட்ட விசாரணையில உங்களை குற்றவாளின்னு ஏற்கனவே எழுதினவரோ இருந்தா முதல் அமர்வுலயே மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. வக்கீலை கூட்டிட்டு வர வழக்கமா விட மாட்டாங்க. ஆனா துறை சார்பா சட்டம் படிச்ச ஆளு நடத்துறாருன்னா உங்களுக்கும் அந்த வாய்ப்பு வேணும்னு 1983 பம்பாய் துறைமுக வழக்கை சொல்லிக் கேளுங்க. மறுத்தா அதையும் எழுத்துல வாங்குங்க.

சாட்சிகளை குறுக்கு விசாரணை பண்றது உங்க உரிமை. பயந்துக்கிட்டு "கேள்வி ஏதுமில்லை"ன்னு கையெழுத்து போட்டுடாதீங்க. அதிகாரியா இருக்கிற சாட்சியை பாத்து கேள்வி கேக்க நம்ம பசங்களுக்கு நாக்கு எழாது, அவரு கீழதானே நாளைக்கும் டூட்டி பாக்கணும்னு. அதுக்காகத்தான் கேள்வியை வீட்டுலயே எழுதி எடுத்துட்டுப் போங்க, பேப்பரை பாத்து படிங்க, சாருன்னே கூப்பிடுங்க. "நீங்க சோதனை போட்டது எத்தனை மணிக்கு? அதுக்கு முந்தின சோதனை எப்ப? அந்த இடைவெளியில அந்த பிளாக்குல யாரு யாரு டூட்டி? கழிவறைக்கு எத்தனை பேரு போயி வர முடியும்? போன் என் கையிலேர்ந்தோ என் பொருள்லேர்ந்தோ எடுக்கப்பட்டதா?" மாப்பிள்ளை கேட்டது இந்த அஞ்சு கேள்விதான், கடைசி கேள்விக்கு வந்த "இல்லை"ங்கிற ஒத்தை வார்த்தைதான் பின்னாடி அப்பீல்ல பேசுச்சு.

எஃப்ஐஆர் நகலையோ போலீஸ்கிட்ட யாரோ குடுத்த வாக்குமூலத்தையோ மட்டும் வெச்சு குற்றம் நிரூபணம்னு எழுத முடியாது, அதை ஒருத்தர் வந்து சாட்சியமா சொல்லணும், 2009 ரூப் சிங் நேகி வழக்குல இது தெளிவா இருக்கு. அதே சமயம் இது கிரிமினல் கோர்ட் இல்லங்கிறதையும் மறக்காதீங்க. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு அவசியமில்ல, நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினாலே போதும். அதனாலதான் கிரிமினல் கேஸ்ல விடுதலை ஆனாலும் துறைத் தண்டனை தானா போயிடாது. 2012 கடைசியில தீர்ப்பான சமுத்திரம் வழக்கு நம்ம தமிழ்நாட்டு போலீஸ்காரர் வழக்குதான், சாட்சிங்க பிறழ்ந்து போயி கிடைச்ச விடுதலை மானமுள்ள விடுதலை ஆகாதுன்னு அதுல சொன்னாங்க.

ஒவ்வொரு அமர்வு முடிஞ்சதும் எழுதினதை படிச்சுப் பாத்து, நீங்க சொன்னதுதான் எழுதியிருக்கான்னு பாத்து, அப்புறம் கையெழுத்து. தப்பா இருந்தா "ஆட்சேபணையுடன்"னு எழுதி கையெழுத்து போடுங்க. நகல் வாங்குங்க.

அஞ்சாவது படி: அறிக்கை வந்ததும்

விசாரணை அறிக்கை நகலை உங்களுக்கு குடுத்து, உங்க கருத்தை கேட்டு, அதுக்கப்புறம்தான் தண்டனை ஆர்டர் போடணும். 1993 கருணாகர் தீர்ப்புக்கு அப்புறம் இதுல மாத்தமே இல்ல. பொதுவா 15 நாள் குடுப்பாங்க. "ஏற்கனவே விளக்கம் குடுத்துட்டேன், அதையே எடுத்துக்குங்க"ன்னு சோம்பலா எழுதாதீங்க. அறிக்கையில எந்த சாட்சியத்தை விட்டுட்டாங்க, எந்த ஆவணத்தை பாக்கவே இல்லன்னு பக்க எண் போட்டு எழுத வேண்டிய இடம் இது. அறிக்கையில நிரூபிக்கப்படலன்னு சொல்லியும் மேலதிகாரி மாறுபட்டு தண்டிக்கப் போறாருன்னா அந்த மாறுபாட்டுக்கான காரணத்தையும் உங்களுக்கு முதல்ல குடுத்தாகணும்.

ஆறாவது படி: ஆர்டர், அப்பீல்

ஆர்டர் வந்ததும் மூணு விஷயத்தை பாருங்க. ஒண்ணு, கையெழுத்து போட்டது யாரு. பணி நீக்கம், டிஸ்மிஸ்னா உங்களை நியமிச்ச அதிகாரியை விட கீழ இருக்கிறவர் போட முடியாது, அரசியலமைப்பு 311(1). பழைய நியமன ஆணையை பீரோவுலேர்ந்து எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டு, 17(அ)ல ஆரம்பிச்சிட்டு பெரிய தண்டனை குடுத்திருக்காங்களா. இனி வர்ற ஊதிய உயர்வையும் பாதிக்கும் வகையில நிறுத்துறது பாக்க சின்னதா தெரியும், ஆனா ரிட்டயர் ஆகுற வரைக்கும், பென்ஷன் வரைக்கும் கூடவே வரும். அது பெரிய தண்டனைன்னும் முழு விசாரணை இல்லாம குடுக்க முடியாதுன்னும் 1990லயே குல்வந்த் சிங் கில் வழக்குல முடிவாயிடுச்சு. மூணு, உங்க பதில்ல சொன்ன விஷயங்களுக்கு ஆர்டர்ல காரணம் சொல்லியிருக்காங்களா, இல்ல "விளக்கம் ஏற்கும்படியாக இல்லை"ன்னு ஒரே வரியா.

அப்பீலுக்கு ஆர்டர் கைக்கு வந்த நாள்லேர்ந்து ரெண்டு மாசம். கடைசி வாரம் வரைக்கும் இழுக்காதீங்க. மாப்பிள்ளைக்கு மூணு வருஷ ஊதிய உயர்வு வெட்டு, பின்விளைவோட, அதாவது இனி வர்ற உயர்வையும் பாதிக்கிற மாதிரி போட்டாங்க. அப்பீல்ல ரோஸ்டர் பக்கத்தையும் அந்த ஒத்தை "இல்லை"யையும் எடுத்து வெச்சோம், கண்டனமா குறைச்சாங்க. ஆனா நடுவுல போன பதவி உயர்வுப் பட்டியல் போனதுதான், அவரு ஜூனியர்ங்க முதல் நிலைக் காவலரா போயிட்டாங்க. அந்த ரெண்டு வரி இல்லன்னா 17(ஆ)வே வந்திருக்காதுன்னு எனக்கு இன்னிக்கும் மனசு கேக்காது.

பதவி உயர்வை பத்தி சொல்லணும்னா, "உன் மேல புகார் இருக்கு"ன்னு வாயால சொல்லி நிறுத்த முடியாது, சார்ஜ் மெமோ குடுத்திருக்கணும், 1991 ஜானகிராமன் வழக்கு.

ஏழாவது படி: ஹைகோர்ட்

சார்ஜ் மெமோ கட்டத்துலயே ரிட் போட்டா பொதுவா எடுத்துக்க மாட்டாங்க, விசாரணையை சந்திச்சிட்டு வாங்கன்னுடுவாங்க. விதிவிலக்கு, அதிகாரமே இல்லாதவர் குடுத்த மெமோ, இல்லன்னா பல வருஷம் கழிச்சு தூசு தட்டி குடுத்த மெமோ. 2005 பி.வி.மகாதேவன் வழக்கு தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்துல நடந்தது, பத்து வருஷம் கழிச்சு குடுத்த சார்ஜை ரத்து பண்ணாங்க.

டெல்டாக்காரங்களுக்கு ஒரு குழப்பம் எப்பவும் இருக்கு, எந்த கோர்ட்டுன்னு. 2004ல மதுரைக் கிளை வந்தப்ப திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் அங்க போச்சு. திருவாரூர், நாகப்பட்டினம், அதுலேர்ந்து பிரிஞ்ச மயிலாடுதுறை சென்னையிலயே இருக்கு. கும்பகோணம் பையன் மதுரைக்கும், அங்கேர்ந்து ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற மயிலாடுதுறை பையன் சென்னைக்கும் போகணும். வேலை பாக்குற இடம் ஒரு பக்கமும் ஆர்டர் போட்ட ஆபீஸ் இன்னொரு பக்கமும் இருந்தா எங்க போடலாம்னு வக்கீல்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க.

ரிட்ல கோர்ட் சாட்சியத்தை மறுபடி எடை போடாது. நடைமுறை சரியா, இயற்கை நீதி காப்பாத்தப்பட்டதா, தண்டனை மனசாட்சியே அதிர்ற மாதிரி இருக்கா, இவ்வளவுதான் பாக்கும், 1995 சதுர்வேதி வழக்குலேர்ந்து இதுதான் நிலை. நான் முதல்லயே சொன்னதுக்கு காரணம் இதுதான், கீழ நீங்க ஃபைல்ல வெக்காத எதையும் மேல போயி புதுசா வெக்க முடியாது. ரிட்டுக்கு நாள் கெடு இல்லன்னு வருஷக்கணக்கா உக்காராதீங்க, காலதாமதம்னு தள்ளிடுவாங்க. நடுவுல புதுசா ஒரு மனு குடுத்து அதுக்கு பதில் வாங்கினா பழைய கேஸுக்கு உயிர் வந்துடாதுன்னு 2008 ஜேக்கப் வழக்குல சொல்லியிருக்காங்க. தனி நீதிபதி தீர்ப்பு பாதகமா வந்தா ரிட் அப்பீலுக்கு 30 நாள்.

பெண் காவலர்களுக்கும், எஸ்சி எஸ்டி ஊழியர்களுக்கும் வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்துலயும் இருக்கு, ஹைகோர்ட்லயும் தனியா குழு இருக்கு. பாலியல் தொல்லைன்னா 2013 சட்டப்படி உள்ளகக் குழுவுக்கு மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிப்பாங்க. புகார் குடுத்ததும் அந்தப் பொண்ணுக்கே எதிரா ஒரு மெமோ கிளம்புறதை பாத்திருக்கேன். அப்படி வந்தா புகார் தேதியையும் மெமோ தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பதில்ல முதல் பாராவுலயே எழுதணும்.

இன்னும் ரெண்டு சச்சரவு, சுருக்கமா

இடமாறுதல்: திருச்சியிலேர்ந்து புழலுக்கு தூக்கி அடிச்சா கோவம் வரும்தான், ஆனா முதல்ல போயி சேர்ந்துட்டு அப்புறம் மனு குடுங்க. சேராம உக்காந்தா ஆப்சென்ட்னு இன்னொரு சார்ஜ். தண்டனைக்கு பதிலா குடுத்த மாறுதல்னு ஆர்டர்லயோ ஃபைல்லயோ தெரிஞ்சா 2009 சோமேஷ் திவாரி வழக்கு உதவும்.

சம்பளப் பிடித்தம்: தப்பா நிர்ணயம் பண்ணி கூட குடுத்துட்டோம்னு பல வருஷம் கழிச்சு பிடிச்சா, நீங்க ஏமாத்தி வாங்காத பட்சத்துல, சி, டி பிரிவு ஊழியர்கிட்டயும் ரிட்டயர் ஆனவங்ககிட்டயும் பிடிக்கக் கூடாதுன்னு 2014 ரஃபீக் மசீ தீர்ப்பு இருக்கு. அரியர்ஸ் வாங்கும்போது "கூடுதலா இருந்தா திருப்பிக் குடுக்கிறேன்"னு உறுதிமொழி எழுதிக் குடுத்திருக்கீங்களான்னு மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்க, அது இருந்தா இந்தத் தீர்ப்பு பலம் குறையும்.

எட்டாவது படி: ஜெயிச்ச பிறகு

தீர்ப்பு வந்ததும் எல்லாரும் ஸ்வீட் குடுத்துட்டு ஃபைலை மூடிடுவாங்க. சான்றிட்ட நகல் வாங்கி, ஒரு கடிதத்தோட துறைக்கு அனுப்பி, ஒப்புகை வாங்கணும். தீர்ப்புல சொன்ன கெடுவுக்குள்ள நிறைவேத்தலன்னா அவமதிப்பு மனு ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அதைத் தாண்டினா கஷ்டம். சஸ்பென்ஷன் காலத்தை பணிக்காலமா சேத்து தனியா ஆர்டர் போட்டாங்களா, மீதி சம்பளம் வந்துச்சா, நின்னு போன ஊதிய உயர்வை பின்தேதியிட்டு குடுத்தாங்களா, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மனு வேணும், ஒண்ணு குடுத்தா இன்னொண்ணு தானா வராது.

அப்புறம் எஸ்.ஆர். பணிப் பதிவேட்டுல தண்டனையை சிவப்பு மையில பதிஞ்சிருப்பாங்க, குறைச்ச ஆர்டரையோ ரத்து பண்ண ஆர்டரையோ அதுக்குக் கீழ பதிய மறந்துடுவாங்க. மாப்பிள்ளை எஸ்.ஆர்.ல அப்பீல் ஆர்டர் வந்து எட்டு மாசம் கழிச்சுப் பாத்தப்பவும் பழைய மூணு வருஷ வெட்டு அப்படியேதான் இருந்துச்சு, அதை வெச்சே சம்பளமும் போட்டுட்டு இருந்தாங்க. வருஷா வருஷம் எஸ்.ஆரை பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆபீஸ்ல அந்த செக்‌ஷன் கிளார்க்கிட்ட அப்பீல் ஆர்டர் நகலை கையில குடுத்து, பதிவு பண்ணி அதிகாரி சுருக்கொப்பம் போடுற வரைக்கும் கூடவே உக்காருங்க, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டு ஃபைல்ல வெச்சிடுங்க.